எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை: நீண்டகால விளைவுகள் – முக்கியக் குறிப்புகள்

● முதலில் படிக்க வேண்டியது ஸ்வீடனின் 'எஸ்ஓஎஸ்' ஆய்வு. 1987-ல் தொடங்கி 2001 வரை ஆள் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 2,037 பேர். குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. வயது, எடை போன்றவற்றைப் பொருத்திப் பார்த்து ஒப்பீட்டுக் குழுவைச் சேர்த்தார்கள்.

● எத்தனையாவது ஆண்டின் எண் என்று பார்க்காமல் விடை எழுதக் கூடாது. எஸ்ஓஎஸ் ஆய்வில் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பது) செய்தவர்களின் எடை முதல் 1–2 ஆண்டுகளில் 32% குறைந்தது. 10-ஆம் ஆண்டில் குறைவு 25% ஆக நின்றது. இரைப்பையில் வளையம் (பேண்ட்) பொருத்தியவர்களுக்கு 20%, பிறகு 14%. எடை ஓரளவு திரும்பும். அதை நோயாளியின் சோம்பல் என்று எழுதுவது மருத்துவமும் ஆகாது, நியாயமும் ஆகாது: பசி ஹார்மோன்களும் ஆற்றல் செலவும் இழந்த எடையை மீட்கவே முயல்கின்றன.

● சதவீதத்தில் இரு வகை. 120 கிலோ உள்ளவருக்கு உகந்த எடை 70 கிலோ என்றால், மிகை எடை 50 கிலோ. அவர் 30 கிலோ குறைத்தால் மொத்த எடையில் 25%. மிகை எடையில் 60%. பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது. மேலே உள்ள ஸ்வீடன் எண்கள் மொத்த எடைக்கானவை. அடுத்து வரும் பின்லாந்து எண்கள் மிகை எடைக்கானவை.

● ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸா? பின்லாந்தின் 'ஸ்லீவ்பாஸ்' ஆய்வு: 240 பேர், குலுக்கல் முறை. 10 ஆண்டு முடிவில் மிகை எடை இழப்பு ஸ்லீவில் 43.5%, பைபாஸில் 51.9%. உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31%, பைபாஸில் 7%. ஏற்கெனவே கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்குப் பெரும்பாலும் பைபாஸைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

● இரண்டாம் வகை நீரிழிவு (எஸ்ஓஎஸ்): தணிவு 2 ஆண்டில் 72%, 15 ஆண்டில் 30%. ஒப்பீட்டுக் குழுவில் 15-ஆம் ஆண்டில் 6.5% மட்டுமே. 'குணமாகும்' என்று எழுத வேண்டாம். 'தணியும்' என்பதே சரி.

● ஆயுள்: 2020-ல் வெளியான எஸ்ஓஎஸ் முடிவின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் 3 ஆண்டு கூடுதல், பொது மக்களைவிடச் சுமார் 5.5 ஆண்டு குறைவு. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

● குறைபாடுகள்: பைபாஸில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போவதால் இரும்பு, கால்சியம் உறிஞ்சப்படுவது குறையும். பி12 குறைவுக்குக் காரணம், உணவு இரைப்பையின் அமிலத்தோடும் உள்ளார்ந்த காரணியோடும் சரியாகக் கலக்காதது. ஓயாத வாந்தி இருந்தால் தயமின் (பி1) குறைந்து வெர்னிக்கி மூளைப் பாதிப்பு வரலாம்; நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் தர வேண்டும். சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க.

● அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கருத்தரிப்பைப் பொதுவாக 12–18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

● 2022 வழிகாட்டுதல்: உடல் நிறை குறியீட்டெண் 35-க்கு மேல் இருந்தால், இணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரை. ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம்.