பாதியில் நிற்கும் கண்ணாடி: பழைய சொகுசுக் கார்களின் பவர் விண்டோ மின்சுற்று

பழைய சொகுசுக் கார் ஒன்றில் மின்விசையால் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, அதாவது பேச்சுவழக்கில் பவர் விண்டோ எனப்படுவது, பாதியில் நின்றுவிட்டால் மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுவது பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் பழக்கமாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய வண்டிகளைத் தொடர்ந்து பராமரித்து வருவோரின் அனுபவம் இதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது. மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதற்கு வந்து சேர வேண்டிய மின்னழுத்தம்தான் பியூஸ், ஸ்விட்ச், கதவு மடிப்பில் உள்ள ஒயர், எர்த் முனை ஆகியவற்றில் சிறிது சிறிதாகக் கரைந்து, கண்ணாடியைத் தூக்கப் போதாத அளவில் கடைசியில் வந்து நிற்கிறது. புதிய மோட்டாரை வாங்கிப் பொருத்தினால் சில வாரங்கள் ஓடுவதும், பிறகு பழைய கதையே திரும்புவதும் இதனால்தான்.

இம்மாவட்டத்தின் சூழல் இப்பழுதுக்கு ஏற்ற நிலமாக அமைந்திருக்கிறது. இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, மேலைச்சிவபுரி, நற்சாந்துபட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் உள்ள பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுபவை. அவ்வீடுகளின் கொட்டகைகளில் நிற்கும் கார்களும் அவ்வாறே மாதக்கணக்கில் அசையாமல் நின்று, மாப்பிள்ளை அழைப்புக்கு முதல்நாள் திடீரென்று வேலை செய்யுமாறு எதிர்பார்க்கப்படுகின்றன. ஓடும் காரில் ஸ்விட்சின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே ஓரளவு துப்புரவு செய்துகொள்ளும்; நிற்கும் காரில் அது நடப்பதில்லை. செம்புரான் மண்ணின் நுண்தூசி கோடையில் கதவுக்குள் படிகிறது, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் அதனோடு சேர்ந்து களிம்பேற்றுகிறது, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் கூடுகிறது. எலி கடித்த ஒயர்களையும், கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பதையும் இங்குள்ள எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

எல்லாப் பழைய கார்களுக்கும் இச்சிக்கல் இல்லை என்பதையும் கூறியாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை கையால் சுற்றும் கைப்பிடி கொண்டவை. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டில் தன் உயர்தர வண்டியில் விசையால் இயங்கும் கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. அக்காலத்து ஏற்பாடுகளில் மின்மோட்டார் ஒன்று திரவத்தை அழுத்தி, அந்த அழுத்தமே கண்ணாடியை நகர்த்தியது. 1963இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 600 வண்டியிலும் கண்ணாடிகளைத் தூக்கியது திரவ அழுத்தமே. இவற்றுக்கான பராமரிப்பு முற்றிலும் வேறு துறையைச் சேர்ந்தது. இக்கட்டுரை கருத்தில் கொள்வது, கதவுக்குக் கதவு தனி மின்மோட்டார் வைத்த பிற்கால ஏற்பாட்டை, குறிப்பாக மெர்சிடிஸ் பென்சின் டபிள்யூ 123, டபிள்யூ 126, டபிள்யூ 124 ஆகிய வரிசைகளை. இவற்றுள் இறுதியாகச் சொன்னது 1995இலிருந்து புனேயில் ஒருங்கிணைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது.

இவ்வகைக் கார்களில் மின்னோட்டம் செல்லும் பாதையை விளங்கிக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். கண்ணாடி மோட்டார் நிலைக்காந்தம் கொண்ட நேர்மின் மோட்டார். அதற்கு இரண்டே ஒயர்கள். ஒன்றில் பாசிட்டிவும் மற்றதில் நெகட்டிவும் கொடுத்தால் கண்ணாடி ஏறும். அவற்றை மாற்றிக் கொடுத்தால் இறங்கும். இம்மாற்றத்தைச் செய்வது இருக்கைகளுக்கு இடையே உள்ள ஸ்விட்ச். கை வைக்காதபோது அந்த ஸ்விட்ச் மோட்டாரின் இரு ஒயர்களையும் எர்த்தோடு சேர்த்து வைத்திருக்கும். ஒரு பக்கம் அழுத்தும்போது ஓர் ஒயர் மட்டும் எர்த்திலிருந்து விலகிப் பாசிட்டிவோடு சேரும், மற்ற ஒயர் இருந்த இடத்திலேயே எர்த்தில் இருக்கும். ஆகவே கண்ணாடி ஏறுவதற்கு ஸ்விட்சின் ஒருபுறத் தொடுமுனையும் மறுபுறத்து ஓய்வுநிலைத் தொடுமுனையும் ஒருசேர நல்ல நிலையில் இருக்க வேண்டும். மோட்டார் இழுக்கும் முழு மின்னோட்டமும் இந்தச் சிறிய ஸ்விட்ச் வழியாகவே செல்வதால், சுமை கூடக்கூடத் தொடுமுனைகள் கருகுகின்றன.

எங்கே எவ்வளவு மின்னழுத்தம் தொலைகிறது என்பதை அளப்பதே இத்துறையின் உயிர்நாடி. கண்ணாடியைத் தூக்கும்போது மோட்டார் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், பாதையில் மொத்தம் 0.3 ஓம் என்ற அற்பமான மின்தடை சேர்ந்திருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும், பேட்டரி 12.6 வோல்ட் காட்டினாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான், அதன் ஆற்றலோ ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இந்த 0.3 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்துத் தேடுவது பயனற்றது, ஏனெனில் மீட்டர் கம்பிகளின் சொந்த மின்தடையே அதற்கு நெருக்கமாக இருக்கும். மேலும் பத்துப் பதினைந்து இழைகள் அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியுள்ள ஒயரும் ஓம் அளவையில் நல்ல ஒயராகவே தோன்றும். டெஸ்ட் லேம்ப் எரிவதும் சான்றாகாது. சிறிய பல்புக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே போதும், மோட்டாருக்குப் போதாது.

எனவே சுமை இருக்கும்போதே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவையில் வைத்து, ஒரு கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதை மோட்டார் பிளக்கின் பாசிட்டிவ் ஒயரிலும் வைத்து, துணைக்கு ஒருவரை ஸ்விட்சை அழுத்தச் சொன்னால், மீட்டரில் தெரியும் எண்ணே அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட். அவ்வாறே மோட்டாரின் நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறை சொல்ல ஏதுமில்லை; அதற்கு மேல் போனால் பியூஸ், ரிலே, ஸ்விட்ச், கதவு மடிப்பு என்று ஒவ்வொரு கட்டமாகக் கம்பியை நகர்த்தி, எண் எங்கே தாவுகிறதோ அங்கே குற்றத்தைப் பிடிக்கலாம். பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த் பக்கத்தை அளக்காமல் விடுவது மிகப் பரவலான பிழை.

மீட்டர் கையில் இல்லாத இடத்தில் காரின் உட்புற விளக்கே முதல் சோதனைக் கருவியாகும். விளக்கை எரியவிட்டு ஸ்விட்சை அழுத்தும்போது வெளிச்சம் சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்னோட்டம் செல்கிறது, ஆனால் கண்ணாடி எங்கோ இறுகியிருக்கிறது என்று பொருள். சிறிதும் மங்காவிட்டால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மிகவும் பலவீனப்பட்டிருக்கிறது. ஒரே வகை ஸ்விட்சுகள் அடுத்தடுத்து உள்ள வண்டிகளில், ஓடும் கண்ணாடியின் ஸ்விட்சை ஓடாத கண்ணாடியின் பிளக்கில் மாட்டிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை.

குற்றம் பிடிபடும் இடங்களில் முதலிடம் பியூசுக்குரியது. டபிள்யூ 123 போன்ற வண்டிகளில் இருப்பது, பீங்கான் போன்ற உடலின் மேல் உலோகப் பட்டை ஓடும், இருமுனையும் கூம்பிய பழைய வகை பியூஸ். அதன் அலுமினியப் பட்டை ஈரத்தில் களிம்பேறி, அறுந்துபோகாமலே மின்னோட்டத்தைத் தடுக்கும். பார்வைக்கு முழுதாக இருப்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. பியூசைக் கவ்வும் இடத்திலேயே விரலால் சுழற்றிவிட்டால் தற்காலிகமாகச் சரியாகும். செம்புப் பட்டை கொண்டவற்றை மாற்றிப் போடுவதே நிலையான தீர்வு. அடுத்தது கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் செல்லும் ஒயர்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த இவை உறைக்குள்ளேயே இழை அறுந்திருக்கும். கதவைப் பாதி திறந்து அசைத்துக்கொண்டே ஸ்விட்சை அழுத்தினால் கண்ணாடி விட்டுவிட்டு ஓடுவது இதன் அடையாளம். இங்கே வீட்டு ஒயரிங்குக்கான கெட்டிக் கம்பியை ஒட்டுப் போடுவது பெருந்தவறு, அது சில மாதங்களில் மறுபடியும் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரே தகுதியானது. ஐந்து மீட்டர் நீளத்துக்கு 10 ஆம்பியரில் அது ஏறத்தாழ 0.4 வோல்ட் மட்டுமே இழக்கும், 1 சதுர மில்லிமீட்டர் ஒயரோ 0.9 வோல்ட்டை விழுங்கிவிடும்.

ஸ்விட்சைப் பொறுத்தவரை, அதைத் தூக்கி எறியும் முன் திறந்து பார்ப்பது நலம். சிறிய ஸ்பிரிங்குகள் தெறித்தால் தேடிக் கிடைக்காது என்பதால், வெள்ளைத் துணி விரித்த தட்டின் மேல் வைத்தே பிரிக்க வேண்டும். கருகிய தொடுமுனையை முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். அழிப்பானாலோ மிக நுண்ணிய தாளாலோ மென்மையாகத் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் தெளித்தால் போதும். இவ்வரிகளை எழுதியவரின் அனுபவத்தில், மோட்டார் பழுது என்று ஒதுக்கப்பட்ட கண்ணாடிகளில் பெரும்பான்மை இந்த ஒரு துப்புரவிலும் பியூஸ் மாற்றத்திலும் மீண்டு ஓடியிருக்கின்றன.

மோட்டாரே குற்றவாளியாக அமையும் வேளைகளில் புதுக்கோட்டைப் பகுதிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பிய வேளாண்மை நிலவுவதால், ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் வட்டாரங்களில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆர்மேச்சரைப் பார்த்து, கம்யூட்டேட்டரைக் கடைந்து, காயில் கட்டிக் கொடுக்கும் கைத்திறன் அங்கே இருக்கிறது. எனினும் ஒன்றை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேய்ந்த கார்பனுக்குப் பதிலாக மிக்சி கார்பனைத் தேய்த்துச் சிறிதாக்கிப் போடும் வழக்கம் எங்கும் உள்ளது. மிக்சி கார்பன் 230 வோல்ட் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது, அதன் மின்தடை அதிகம். 12 வோல்ட் மோட்டாருக்குச் செம்புத்தூள் கலந்த கார்பன் தேவை. கார் வைப்பர் மோட்டாருக்கான கார்பனிலிருந்து அளவுக்கு வெட்டிக்கொள்வதே சரியான வழி. தவறான கார்பன் போட்ட மோட்டார் மேசையில் சுற்றும், கதவில் கண்ணாடியைத் தூக்காது.

மோட்டாரைக் கழற்றும்போது கையைக் காத்துக்கொள்வதும் அவசியம். கண்ணாடியின் எடையைத் தாங்க உதவும் இறுகிய சுருள்வில் பல வண்டிகளின் தூக்குப் பொறியில் இருக்கிறது. பற்சக்கரம் விடுபட்ட கணத்தில் அது முழு விசையோடு திரும்பும். பல்லிட்ட பிறைத்தகட்டைப் போல்ட் போட்டோ கிளாம்ப் வைத்தோ பூட்டி, கண்ணாடியை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்த பிறகே மோட்டாரைத் தொட வேண்டும்.

மின்சாரம் முழுமையாக வந்தும் கண்ணாடி திணறினால், குற்றம் கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் இருக்கும். நாற்பது ஆண்டு வெயிலில் இறுகிய ரப்பர், செந்தூசி படிந்து, கண்ணாடியை இருபுறமும் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்து, ஸ்விட்சையும் கருக்குகிறது. ரப்பரைச் சோப்புநீரால் கழுவி உலர்த்தி, சிலிகான் தெளிப்பை இட வேண்டும். என்ஜின் ஆயிலும் கிரீசும் ரப்பரை ஊதவைப்பதோடு தூசியையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், கிரீஸ் தூக்குப் பொறியின் பற்சக்கரத்துக்கும் சறுக்குத் தடத்துக்கும் மட்டுமே உரியது. கதவின் உள்பலகையைக் கழற்றும்போது அதன் பின்னால் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடுவது பட்டறைகளின் கெட்ட பழக்கம். மழைநீரைக் கதவுக்குள்ளேயே இறக்கி அடித்துளை வழியாக வெளியேற்றுவது அந்தத் தாள்தான்.

ஸ்விட்ச் கிடைக்காத நிலையில் ரிலே சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மோட்டார் ஒன்றுக்கு ஐந்து முனை ரிலே இரண்டு வைத்து, 30ஆம் முனைகளை மோட்டாரின் இரு ஒயர்களுக்கும், 87ஏ முனைகளை எர்த்துக்கும், 87ஆம் முனைகளைப் பியூஸ் வழியாகப் பாசிட்டிவுக்கும் கொடுத்தால், பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கும். மூல ஒயரிங்கை எங்கும் வெட்டாமல், இடைப்பிளக் வைத்துப் பின்னாளில் கழற்றிவிடக்கூடியதாகச் செய்தால் இது ஏற்கத்தக்கது. அம்பாசடருக்கும் கான்டெசாவுக்கும் போடும் கேபிள் வகைக் கிட்டை வாங்கி, பழைய மெர்சிடிஸ் கதவைத் துளைத்துப் பொருத்துவது ஏற்கத்தக்கதன்று. ஒருமுறை துளைத்த கதவு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூசோ, வெறும் கம்பியோ போடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக்கூடாது. இக்கார்களின் கண்ணாடிகளுக்குத் தடை கண்டால் தானே நின்று திரும்பும் அறிவு கிடையாது என்பதால், குழந்தைகள் ஏறும் திருமண வண்டியில் பின்கண்ணாடிகளின் பூட்டு ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் பழுது வந்த பின்னர்ச் செய்வன. வீட்டைப் பூட்டி வெளியூரில் வாழும் உரிமையாளர்கள், காவலுக்கு இருப்பவரிடம் சாவியை ஒப்படைக்கும்போதே, மாதம் ஒருமுறை என்ஜினை ஓடவிட்டு நான்கு கண்ணாடிகளையும் முழுவதும் இறக்கி ஏற்றுமாறும், புரட்டாசி முடிவதற்குள் கதவடித் துளைகளைக் குச்சியால் குத்திவிடுமாறும், நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்குமாறும் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டுகிறோம்.