பாத்திரத்தில் சோப்பு வழவழப்பு

"தட்டுல சோப்பு ஒட்டியிருந்தா விஷமாயிடுமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். நன்றாக அலசிய தட்டில் மிஞ்சும் துளி சோப்பால் தீங்கில்லை. ஆனால் துணிக்குப் போடும் சோப்புத்தூள் பாத்திரத்துக்கு வேண்டாம். அதில் சலவைச் சோடா உண்டு. சரியாக அலசாவிட்டால் வாயும் தொண்டையும் எரியும்.

கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை விஷயம் வேறு. அதன் மூக்கில் நுரை தங்கிவிடும். விரலுக்கு வழவழப்புத் தெரியாதவரை நல்ல தண்ணீரில் அலசி, 10 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள்.

சோப்பைவிடப் பொல்லாதது, எல்லாப் பாத்திரத்தையும் முக்கியெடுத்த அதே அழுக்குத் தண்ணீரில் பாலாடையையும் அலசுவது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு அப்படித்தான் வருகிறது. "தண்ணிக்கு ரொம்ப தூரம் போகணுமே" என்பார்கள். வாஸ்தவம்தான். அந்த இன்னொரு குடத்தை வீட்டுக்காரர் தூக்கி வரட்டுமே!