வீட்டு வாசல் வரை ஃபைபர் வந்தாச்சு... அதுக்கு அப்புறம்?

வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், மின்கட்டணம், போட்டித் தேர்வு விண்ணப்பம் என்று நம்முடைய பல வேலைகள் இப்போது கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன. கடைசித் தேதி அன்னைக்கு நெட் நின்னு போனா என்ன பாடுன்னு அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும். அதனால்தான் நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் ஃபைபர் இணைப்பு கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். பாரத்நெட் திட்டத்தின் கீழ் நம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் நோக்கத்தோடு டான்ஃபிநெட் நிறுவனமும் கண்ணாடி இழை கேபிள் பதித்து வருகிறது.

இணைப்பு வாங்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்? "எத்தனை எம்.பி.பி.எஸ்.? மாசம் எவ்வளவு?" இந்த ரெண்டு கேள்விதான். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து உங்கள் ஹாலில் இருக்கும் பெட்டி வரை வருகிற கடைசி இருபது முப்பது மீட்டரில்தான் பல இணைப்புகள் கெட்டுப்போகின்றன. அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலனை நீங்கள் பல வருடம் அனுபவிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

கேபிளுக்குள் ஓடுவது வெளிச்சம்

ஃபைபர் கேபிளில் தகவல் மின்சாரமாகப் போவதில்லை, ஒளியாகப் போகிறது. நடுவில் ஒளி ஓடும் பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான். அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. ஒளி வெளியே சிந்தாமல் உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்துப் பிரதிபலித்து ஓடுகிறது. கேபிளை ரொம்ப மடக்கினால் அந்த மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும். கேபிள் உடையாது, பார்ப்பதற்கும் நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே வெளிச்சம் குறைந்திருக்கும். "கேபிள் நல்லாதானே இருக்கு, அப்புறம் ஏன் நெட் வரல?" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

எந்த கேபிள்?

கேபிளின் மேலுறையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ஜி.652.டி' என்றால் வெளியே நீளமாக இழுப்பதற்கான சாதாரண வகை. அதன் இழையை 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. 'ஜி.657.ஏ1' என்றால் 10 மி.மீ., 'ஜி.657.ஏ2' என்றால் 7.5 மி.மீ. வரை தாங்கும். வீட்டுக்குள் மூலை முடுக்கெல்லாம் திரும்ப வேண்டியிருப்பதால் 657 வகையே நல்லது. இந்த அளவெல்லாம் உள்ளிருக்கும் இழைக்கு. உறையோடு சேர்ந்த கேபிளை இன்னும் தாராளமாகவே வளைக்க வேண்டும்.

எந்த வகையானாலும் ஒரு எளிய கணக்கு வெச்சுக்கோங்க: காபி டம்ளரைச் சுற்றுகிற வளைவை விட இறுக்கமாக எங்கேயும் வளைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் கேபிளையும் அந்த அளவு வளையமாகச் சுற்றி வையுங்கள். கதவு இடுக்கில் நசுக்குவது, ஆணி அடித்து இறுக்குவது, டேகைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

கம்பத்திலிருந்து வரும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்டதாக இருக்கட்டும். வீட்டுக்குள் ஓடுவது தீப்பிடித்தால் நச்சுப்புகை குறைவாக வரும் உறை கொண்டதாக இருந்தால் நல்லது.

இது உயிர் சம்பந்தப்பட்டது

கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளோடு ஒட்டி, அதைத் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதில் மின்சாரம் பாயும். மின்கம்பியின் மீது உரசுகிற மாதிரியோ, மின்கம்பிக்குக் குறுக்கே தொங்குகிற மாதிரியோ கேபிள் வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். மழை, காற்றில் கேபிள் அறுந்து மின்கம்பியோடு சேர்ந்து கிடந்தால் தொடவே கூடாது. "ஃபைபர்தானே, ஷாக் அடிக்காது"ன்னு நினைக்காதீங்க. மின்னகம் எண் 94987 94987-க்குத் தகவல் சொல்லுங்கள்.

பைப், பட்டி, ட்ரே

புது வீடு கட்டுகிறீர்களா? பூச்சு வேலைக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு முகப்பிலிருந்து ஹால் வரை, ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு காலி பி.வி.சி. பைப் தனியாகப் போட வேண்டும். திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வைத்தால் எப்போது வேண்டுமானாலும் கேபிளை இழுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு பைப் செலவோடு போகும். நாளைக்கு என்றால் சுவரை வெட்டி, பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும்.

வாடகை வீடு என்றால் சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டி போதும். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

அடுக்குமாடி நலச் சங்கம், இ-சேவை மையம், கடை, சின்ன அலுவலகம் நடத்துபவர்களுக்குத்தான் கேபிள் ட்ரே தேவைப்படும். அதில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கும்.

• ஏணி வகை: கனமான கேபிள் கட்டுகளுக்கும், மாடிக்கு மாடி ஏறும் நெட்டு வழிக்கும்.
• துளையிட்ட தகடு வகை: அடியில் முழுத் தாங்கல் இருப்பதால் மெல்லிய கேபிள்கள் தொங்காது. அலுவலகத்துக்கு ஏற்றது.
• கம்பி வலை வகை: எடை குறைவு, தேவையான இடத்தில் வெட்டித் திருப்பலாம். ஆனால் ஃபைபர் கம்பியில் அழுந்தாமல் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பாதிக்கும் குறைவாகவே நிரப்புங்கள், நாளைக்கு இன்னும் கேபிள் வரும். ஃபைபரைக் கனமான செம்பு கேபிள்களுக்கு அடியில் போடாதீர்கள், தனி ஓரத்தில் ஓடட்டும். இரும்பு ட்ரேக்கு எர்த் இணைப்பு கட்டாயம். மின் வயர்களை அதே ட்ரேயிலோ பைப்பிலோ போடவே கூடாது.

இணைக்கும் இடம்

ஃபைபரை இரண்டு விதமாக இணைக்கலாம். இழைகளை உருக்கி ஒட்டுவது ஒன்று. கிளிப் மாதிரி பொருத்துவது இன்னொன்று. உருக்கி ஒட்டினால் ஒளி இழப்பு மிகக் குறைவு, பல வருடம் நிற்கும். "மெஷின் இருக்கா சார்?" என்று கேட்பதில் தப்பில்லை. இணைப்பு முனையில் பச்சை நிறமும் நீல நிறமும் உண்டு. பச்சையின் முனை சற்றுச் சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்துக்கு அப்படி இல்லை. பச்சையைப் பச்சையோடுதான் சேர்க்க வேண்டும், மாற்றிச் சேர்த்தால் ஒளி வீணாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். உள்ளே ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். கேபிள் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அடுத்து, வெட்டிய கண்ணாடித் துணுக்குகள் தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறிவிடும். வேலை முடிந்ததும் டேப்பில் ஒட்டி எடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய ஒரே எண்

வேலை முடிந்ததும் "பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். டெக்னீஷியன் மீட்டரில் ஒரு மைனஸ் எண் காட்டுவார். பொதுவான வீட்டு இணைப்புகளில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிறது என்று அர்த்தம். அதாவது மைனஸ் 18 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 27 வந்தால், எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உங்களிடம் வந்து சேருகிறது. அன்றைக்கு நெட் ஓடும். ஆனால் விளிம்பில் நிற்கிற இணைப்பு அது, சின்ன மடிப்பு விழுந்தாலும் நின்றுவிடும். அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் சொதப்பினால், "முதல் நாள் மைனஸ் 19, இப்ப என்ன?" என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பெட்டியில் சிவப்பாக எரியும் 'லாஸ்' விளக்கு ஒளி வரவில்லை என்று சொல்கிறது. அப்போது பெட்டியை ரீசெட் செய்து பயனில்லை. கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா, முனை கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகார் பதியுங்கள்.

பெட்டி எங்கே?

பீரோவுக்குப் பின்னாலும் டி.வி. ஸ்டாண்டுக்குள்ளும் வேண்டாம், இரும்பு வைஃபையைத் தடுக்கும். வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேலே, பிளக் பாயின்ட் அருகில் வையுங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் எழுதியிருக்கும் அளவுக்குப் பொருந்தும் சின்ன யு.பி.எஸ். ஒன்று மாட்டினால், கரண்ட் போனாலும் விண்ணப்பம் பாதியில் நிற்காது.

அறைகளுக்கு இழுக்கும் லேன் கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ரகமும் கடையில் உண்டு. நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டர்தான் அதன் எல்லை. அதைத் தாண்டினால் ஃபைபர்தான் சரி.

பணம் கொடுக்கும் முன்

• இலவசமாகத் தரும் கேபிள் எத்தனை மீட்டர், அதற்கு மேல் என்ன கட்டணம்?
• பெட்டிக்குக் கட்டும் தொகை திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையா?
• ரசீது கொடுத்தார்களா?

பிரச்சினை வந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

டெக்னீஷியன் வரும் நாளில் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பது முக்கியம். வீட்டுப் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள் என்றால், இந்தப் பக்கத்தை அவர்களுடைய கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள். டம்ளர் அளவு வளைவு, மின்கம்பியிலிருந்து விலகிய கேபிள், எழுதி வைத்த ஒரு எண். இந்த மூன்றையும் பார்த்துவிட்டாலே பாதிக் கவலை தீர்ந்ததுங்க.