கூடிக் காக்கும் உரிமை

நுழையும்முன்

உரிமை மறுக்கப்படும் இடம் பெரும்பாலும் ஒரு தெருவாகவோ பணியிடமாகவோ இருக்கிறது. அவ்வுரிமையைக் காக்க ஏற்படுத்தப்பட்ட ஆணையங்கள் தலைநகரங்களில் இருக்கின்றன. இடையிலுள்ள தொலைவைக் கடப்பதற்கு அவற்றின் கூட்டுச் செயல்பாடு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மனிதர் ஒருவர், ஆணையங்கள் பல

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ராயப்பன்பட்டி. சண்முகாநதி நீர்த்தேக்கமும் திராட்சைத் தோட்டங்களும் இப்பகுதியின் அடையாளங்கள். இவ்வூரிலிருந்து புது தில்லி 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய ஊர் ஒன்றில் வாழும் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு அநீதி நேர்வதாகக் கொள்வோம். அவர் பெண், பட்டியலினத்தைச் சேர்ந்தவர், மாற்றுத்திறனாளியும்கூட. அவர் எந்த ஆணையத்தின் கதவைத் தட்டுவது?

மகளிருக்கென ஓர் ஆணையம் உண்டு. பட்டியலினத்தவருக்கென ஓர் ஆணையம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தலைமை ஆணையர் உண்டு. ஆனால், அவருக்கு நேர்ந்த துன்பம் மூன்று கூறுகளாகப் பிரிந்து நேரவில்லை. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் மட்டும் நின்றால் அவரது முறையீடு அலுவலகம் விட்டு அலுவலகம் அலையும். எனவே, ஆணையங்களை அமைப்பது எத்துணை இன்றியமையாததோ, அவற்றை இணைப்பதும் அத்துணை இன்றியமையாதது.

சட்டம் அமைத்த பாலம்

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1993 அக்டோபர் 12 அன்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் நிறுவப்பட்டது. இச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிற தேசிய ஆணையங்களின் தலைவர்களையும் இவ்வாணையத்தின் உறுப்பினர்களாகக் கருத வேண்டும் என்கிறது. சிறுபான்மையினர், பட்டியலினத்தவர், பட்டியல் பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கான ஆணையங்களின் தலைவர்கள் முன்பே இடம்பெற்றிருந்தனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத் தலைவர், குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத் தலைவர், மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் ஆகியோரையும் சேர்த்தது. இவ்வாறு எழுவரின் பட்டறிவு ஓர் அவையில் ஒன்றுசேர வழி பிறந்தது.

மற்றொரு விதியும் கருதத்தக்கது. ஒரு முறையீடு மாநில ஆணையத்திலோ வேறோர் ஆணையத்திலோ நிலுவையில் இருக்குமாயின், தேசிய மனித உரிமைகள் ஆணையம் அதனைத் தனியே விசாரிப்பதில்லை. ஒரே நிகழ்வுக்கு இரு விசாரணைகளும் இருவேறு முடிவுகளும் தோன்றுவதை இவ்விதி தவிர்க்கிறது. தேவைப்படும்பொழுது தேசிய ஆணையம் தன்னிடம் வந்த முறையீட்டை மாநில ஆணையத்திற்கு மாற்றவும் இயலும். தமிழ்நாட்டில் மாநில மனித உரிமைகள் ஆணையம் 1997 முதல் இயங்கி வருகிறது.

வாச்சாத்தி உணர்த்தும் பாடம்

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் இப்பழங்குடியினர் சிற்றூருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். காக்க வேண்டிய கைகளே தாக்கிய நிலையில் அம்மக்கள் யாரிடம் முறையிடுவது? குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு மறுத்தது.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் அப்போது தோன்றியிருக்கவில்லை. பழங்குடியினர் அமைப்பினரும் அரசியல் இயக்கத்தினரும் கொடுமையை வெளிக்கொணர்ந்து நீதிமன்றத்தை நாடினர். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி தலைமையிலான குழு நேரில் சென்று ஆய்ந்தது. மக்கள் கூறியதில் உண்மை உண்டு என அதன் அறிக்கை எடுத்துரைத்தது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களுள் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

ஆணையத்தின் அறிக்கை மட்டும் தண்டனை வழங்கிவிடவில்லை. மக்கள் இயக்கம், ஆணையம், புலனாய்வுத் துறை, நீதிமன்றம் ஆகிய நான்கும் ஒன்றன் பணியை மற்றொன்று தாங்கிப் பிடித்தன. எனினும் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் கடந்தன. அமைப்புகள் இணைவது மட்டுமன்று, விரைந்து இணைவதே உண்மையான பாதுகாப்பாகும்.

பரிந்துரையும் வலிமையும்

மனித உரிமைகள் ஆணையம் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்திற்கு உரிய அதிகாரங்களைப் பெற்றுள்ளது. ஆயினும், அது தண்டனை விதிப்பதில்லை. இழப்பீடும் நடவடிக்கையும் வேண்டி அரசுக்குப் பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துமா என்னும் வினா நெடுநாள் நிலவியது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அது கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் சொல்லுக்கு நீதிமன்றம் வலிமை சேர்த்தது.

நாடுகளுக்கிடையிலும் இத்தகைய ஒத்துழைப்பு நிலவுகிறது. அரசின் தலையீடின்றித் தேசிய மனித உரிமை அமைப்புகள் இயங்குவதற்கான பாரிஸ் நெறிமுறைகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1993இல் ஏற்றது. 1996இல் ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆணையங்கள் இணைந்து ஆசிய பசிபிக் மன்றத்தைத் தோற்றுவித்தன.

தெரிந்து தெளிவோம்

• தேசிய மனித உரிமைகள் ஆணையத்திற்குத் தமிழிலேயே முறையீடு எழுதலாம், கட்டணம் இல்லை.
• நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் முறையிடுதல் வேண்டும்.
• பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.
• உதவி எண்கள்: குழந்தைகள் 1098, மகளிர் 181, சட்ட உதவி 15100, வன்கொடுமைத் தடுப்பு 14566.

முதல் கண்ணி

ஊர்கூடி வடம் பிடித்தால்தான் தேர் நகரும். உரிமைப் பாதுகாப்பும் அத்தகையதே. தில்லியில் ஏழு தலைவர்கள் ஓர் அவையில் அமர்ந்தாலும், ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு முறையீடு எழுதப்படாவிடில் அவர்களுக்குச் செய்தி எட்டாது. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பவர், அஞ்சி நிற்பவருடன் சட்ட உதவி மையம் வரை செல்பவர், கண்டதை அஞ்சாது சொல்பவர் ஆகியோரிடமிருந்தே அந்தச் சங்கிலி தொடங்குகிறது. கல்வி கற்ற இளையோர் அதன் முதல் கண்ணியாகும்பொழுது சட்டம் ஊரின் கடைசித் தெருவையும் சென்றடையும்.

கற்பவை கற்றபின்

1. ஒரே முறையீட்டை இரண்டு ஆணையங்கள் விசாரிப்பதால் விளையும் இடர்கள் யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.
2. வாச்சாத்தி வழக்கில் பங்காற்றிய அமைப்புகளைக் கால வரிசையில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பணியையும் ஓரிரு தொடர்களில் எழுதுக.
3. உங்கள் வட்டத்தில் உள்ள சட்ட உதவி மையத்தின் பணிகளைக் கேட்டறிந்து அறிக்கை உருவாக்குக.