அரங்கிலிருந்து அங்காடிக்கு: பழந்திரையரங்குகள் விற்பனைக் கூடங்களாக மாறுதல்

ஆய்வுச் சுருக்கம்

ஒற்றைத்திரை அரங்குகள் பல மூடப்பட்டு, அவ்விடங்களில் ஜவுளிக்கடைகளும் பிற விற்பனைக் கூடங்களும் எழுந்துள்ளன. இம்மாற்றத்தைக் கட்டடம், பெயர், அவை என்னும் மூன்று கூறுகளாகப் பகுத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மதுரைத் தங்கம், சென்னை எலெக்ட்ரிக், அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரிலுள்ள கிராண்ட் ஸ்ப்ளெண்டிட் ஆகிய மூன்று அரங்குகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இம்மூன்றனுள் எங்கும் மூன்று கூறுகளும் ஒருங்கே எஞ்சவில்லை என்பதும், எளிதில் அழிவதும் பதிவின்றிப் போவதும் அவையே என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: அரங்கு, அங்காடி, அவை, திரையரங்கு, இடப்பெயர், மதுரை.

முன்னுரை

அரங்கும் அங்காடியும் தமிழ் இலக்கியத்தில் தனித்தனியே சிறப்பிடம் பெற்றவை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கிற்கு எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என அளவு வகுக்கிறது; ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் சுட்டுகிறது. மதுரைக்காஞ்சியோ நாளங்காடி, அல்லங்காடி என்னும் பகல், இரவுக் கடைத்தெருக்களைக் காட்டுகிறது. கூடிப் பார்ப்பதற்கு அமைந்தது அரங்கு. நடந்து தேர்ந்து வாங்குவதற்கு அமைந்தது அங்காடி. இவ்விருவகை இடங்களுள் ஒன்று மற்றொன்றாக மாறும்போது எவை நிலைக்கின்றன, எவை மறைகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

திரையரங்கும் அவையும்

தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்த கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்களமாகத் திரையரங்கைக் கருதினார். இக்கருத்தைச் சிறிது வரையறையுடன் ஏற்க வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி, பால்கனி எனக் கட்டணம் பார்வையாளரைப் பிரித்தது. பல கொட்டகைகளில் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. எனினும் பிரிந்து அமர்ந்தவர்கள் ஒரே நேரத்தில் ஒரே திரையை நோக்கினர். ஒரே உரையாடலுக்குக் கைதட்டினர். பிறப்பால் மறுக்கப்பட்டிருந்த உடனிருப்பு, காசு கொடுத்துப் பெறத்தக்கதாயிற்று. முன்பின் அறியாதோர் ஓர் அவையாகும் இந்நிலையே திரையரங்கின் சமூகப் பயன் எனலாம்.

மதுரைத் தங்கம்: பெயர் எஞ்சுதல்

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அமைந்திருந்த தங்கம் திரையரங்கு 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘பராசக்தி’ படத்துடன் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட இவ்வரங்கு, ஆசியாவிலேயே பெரியது எனப் புகழப்பட்டது. மு. கருணாநிதியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் நடிப்பும் அவ்வளவு பெரிய அவையின் முன் ஒருசேர ஒலித்தன என்பது, படத்தின் பாடத்தை மட்டும் படிக்கும் ஆய்வில் தெரியவராத செய்தியாகும். ஒரு வசனத்தின் தாக்கத்தை ஆராய்வோர், அதை எத்தனை பேர் கூடிக் கேட்டனர் என்பதையும் கருத வேண்டும்.

இன்று அக்கட்டடம் இல்லை. அவ்விடத்தில் பல தளங்கள் கொண்ட ஜவுளி விற்பனைக் கூடம் நிற்கிறது. எஞ்சியது பெயர். மறைந்த கட்டடத்தின் பெயர் வழிகாட்டும் சொல்லாகப் பேச்சில் தொடர்வதை இடப்பெயராய்வு கவனிக்க வேண்டும். இத்தகைய பெயருக்கு ஆதாரம் கட்டடமன்று. அதை அறிந்தோரின் நினைவு. எனவே ஓரிரு தலைமுறையில் அது பொருள் விளங்காச் சொல்லாகிவிடக் கூடும்.

அதே நகரின் சிந்தாமணி திரையரங்கு இதற்கு இணைச் சான்று. 1937இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற ‘சிந்தாமணி’ படத்தின் வருவாயில் கட்டப்பட்டு, அப்படத்தின் பெயரையே அது பெற்றது. அதுவும் இன்று திரையரங்காக இல்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழுக்குச் செங்கல்லால் அமைந்த சான்று ஒன்று இவ்வாறு பெயரளவில் நின்றது.

சென்னை எலெக்ட்ரிக்: கட்டடம் எஞ்சுதல்

சென்னை அண்ணா சாலையில் 1913இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர், நகரின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் ஒன்று. சில ஆண்டுகளிலேயே அஞ்சல் துறை இதனை வாங்கியது. இக்கட்டடம் பின்னர் அஞ்சல்தலை சேகரிப்போருக்கான விற்பனைப் பிரிவாகப் பயன்பட்டது. இங்குத் தங்கத்திற்கு நேர்மாறான நிலை காணப்படுகிறது. கட்டடம் பிழைத்தது, மக்கள் வழக்கிலிருந்து பெயர் நீங்கியது. அஞ்சல்தலை வாங்க வருவோருள் பலர் திரையரங்கினுள் நிற்பதாக உணர வாய்ப்பில்லை.

கிராண்ட் ஸ்ப்ளெண்டிட்: மாற்றியமைத்தல்

அரங்கை இடிக்காமல் பெரிய விற்பனைக் கூடமாக்க இயலுமா என்னும் வினாவிற்குப் புவனஸ் அயர்ஸ் நகரின் கிராண்ட் ஸ்ப்ளெண்டிட் விடையளிக்கிறது. 1919இல் நாடக அரங்காகத் திறக்கப்பட்டு, பின்னர்த் திரையரங்காகிய இது, 2000ஆம் ஆண்டில் எல் அத்தெனெயோ என்னும் நூல் விற்பனை நிலையமாயிற்று. இருக்கைகள் அகற்றப்பட்டு நூலடுக்குகள் வைக்கப்பட்டன. நசரேனோ ஒர்லாந்தி தீட்டிய கூரை ஓவியமும் மாடங்களும் செந்நிறத் திரைச்சீலையும் காக்கப்பட்டன. மேடை சிற்றுண்டியகமாயிற்று, பக்க மாடங்கள் அமர்ந்து படிக்கும் இடங்களாயின. கட்டடமும் பெயரும் இங்கு ஒருங்கே எஞ்சின. எழினி இருக்கிறது, எழினி விலகக் காத்திருக்கும் அவை மட்டும் இல்லை.

வேறுபாட்டின் காரணம்

இவ்வேறுபாட்டைப் பண்பாட்டு அக்கறையின் மிகுதி குறைவாக மட்டும் விளக்குவது பொருந்தாது. கட்டட அமைப்பும் வணிகக் கணக்கும் இதில் பங்கு கொள்கின்றன. ஜவுளிக்கடைக்கு வேண்டுவது தளப்பரப்பு. பட்டு, பருத்தி, ஆயத்த ஆடை எனத் தளந்தோறும் பிரிவுகள் தேவை. திரையரங்கோ தூணற்ற ஒரே கூடம், தரை சரிந்தது, கூரை உயர்ந்தது. திரைக்காகக் காக்கப்பட்ட அவ்வெற்றிடம் வணிகக் கணக்கில் பயனற்ற இடமாகிறது. தொலைக்காட்சியும் பல்திரை வளாகங்களும் வந்தபின் ஆயிரக்கணக்கான இருக்கைகளை நிரப்புவது அரிதாயிற்று. நகர நடுவே மனைவிலையும் உயர்ந்தது. இந்நிலையில் உரிமையாளர் இடிப்பைத் தேர்வது வியப்பன்று. கிராண்ட் ஸ்ப்ளெண்டிட்டில் கூடத்தைச் சூழ்ந்து மாடங்கள் முன்பே அடுக்காக இருந்தன. நூலடுக்குகளுக்கு அவை இயல்பாகப் பொருந்தின. பொருளின் தன்மையும் துணைசெய்தது: நூல் வாங்க வருவோர் தங்கிப் படிப்பதும் அங்கே வணிகத்தின் பகுதியாயிற்று.

விற்பனைக் கூடம் வேலைவாய்ப்பைத் தருகிறது. கட்டணமின்றி உள்ளே செல்லவும் இடமளிக்கிறது. ஆயினும் அங்குக் கூடுவோர் தத்தம் தேவைப்படி தளந்தோறும் பிரிகின்றனர். ஒரே நேரத்தில் ஒன்றை நோக்குவதில்லை. கூட்டம் உண்டு, அவை இல்லை.

முடிவுரை

தங்கத்தில் பெயரும், எலெக்ட்ரிக்கில் கட்டடமும், கிராண்ட் ஸ்ப்ளெண்டிட்டில் அவ்விரண்டும் எஞ்சின. மூன்றிலும் அவை எஞ்சவில்லை. எல்லா அரங்குகளையும் காப்பது இயலாது. மேடையும் மாடமும் உள்ள அரங்குகளுக்கு மாற்றியமைத்தலை முதலில் கருதலாம். ஏனையவற்றில் அவையைப் பதிவில் மட்டுமே காக்க முடியும். இருக்கை அமைப்பு, கட்டண வகுப்புகள், பெண்களுக்கான வாயில், ஓடிய படங்களின் பட்டியல், பணியாளர் நினைவுகள் ஆகியவற்றை இடிப்பிற்கு முன் தொகுத்தல் வேண்டும். படப்பிரதிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் திரட்டும் தமிழ்த் திரை ஆய்வு, அவற்றைக் கண்டு கேட்ட அவையின் சான்றுகளையும் மூலமாகக் கொள்ளும்போதே முழுமை பெறும். அப்பணிக்குரிய தகவலாளிகள் முதுமையடைந்து வருவதால், இது காலந்தாழ்த்தத் தக்கதன்று.