சிறு பொருளில் பெருநகர் காண்டல்

புதுவை நகருக்கு வடக்கே கடலோரமாய் அமைந்த சிற்றூர் காலாப்பட்டு. புதுவைப் பகுதியில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிப் பொறுப்பு 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்தியாவின் கைக்கு மாறியது. உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் பல. ஆதலின் பாரிஸ் என்னும் பெயர் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. எனினும், “அது செல்வர் காணும் நகரமன்றோ? நமக்கு ஏது?” எனப் பெருமூச்செறிவாரும் உளர். அவர் கூற்று முற்றும் உண்மையா? ஆராய்வோம்.

வழிச்செலவு பெரிது என்பதில் ஐயமில்லை. தங்கும் விடுதியும் அங்கே விலை மிகுந்ததே. ஆயினும், நகரை அடைந்தபின் அதன் சிறப்புகளைக் காண வேண்டுவது பொற்குவை அன்று. தெளிந்த திட்டமும் நடக்கும் கால்களுமே ஆகும்.

பாரிஸின் ஊடே ஸீன் ஆறு ஓடுகிறது. அதன் நடுவே உள்ள தீவில் நோத்ருதாம் பேராலயம் நிமிர்ந்து நிற்கிறது. 1163-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய இவ்வாலயம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தீக்கு இரையாகிச் சிதைந்தது. செப்பனிடப்பெற்று 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதனுள் செல்லக் கட்டணம் இல்லை.

ஆற்றின் வலக்கரையில் இருப்பது லூவர் அரண்மனை. ஒரு காலத்தில் மன்னர்க்கே உரியதாய் இருந்த அது, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793-இல் பொதுமக்களுக்குரிய கலைக்கூடமாயிற்று. பதினெட்டு வயது நிறையாதோர் எந்நாட்டினராயினும் அதனைக் கட்டணமின்றிக் காணலாம். வயதுச் சான்று கையிலிருத்தல் வேண்டும். 1889-இல் எழுந்த ஈபெல் கோபுரத்தைக் கீழிருந்து கண்டு மகிழக் காசு எதற்கு? ஏற விரும்புவோர், மின்தூக்கியை விடுத்து 674 படிகளில் நடந்து இரண்டாம் நிலையை அடைந்தால், கட்டணம் குறையும். உடலும் உரம் பெறும்.

தாகத்திற்கு என் செய்வது? போரினால் நலிந்த அந்நகரத்து ஏழைகள் நல்ல நீரின்றி வருந்துதல் கண்டு, ரிச்சர்டு வாலசு என்னும் ஆங்கிலச் செல்வர் 1872-இல் தெருக்களில் குடிநீர் ஊற்றுகளை அமைப்பித்தார். அவை இன்றும் வழிப்போக்கர்க்கு உதவுகின்றன. பசிக்கு, ரொட்டிக் கடையில் நீண்ட ரொட்டி ஒன்று வாங்கிப் பூங்காவில் அமர்ந்து உண்ணலாம். நம் உணவை நாடுவோர்க்கு, லா சப்பல் பகுதியில் ஈழத் தமிழர் நடத்தும் கடைகள் உண்டு.

வாலசின் ஊற்றைக் காணும் புதுவை மாணவனுக்குத் தன் ஊர்ப் பூங்காவிலுள்ள ஆயி மண்டபம் நினைவுக்கு வருமன்றோ? தன் மாளிகையை இழந்து மக்களுக்குக் குளம் வெட்டுவித்தவள் எனச் சொல்லப்படும் ஆயியின் நினைவாக எழுந்தது அம்மண்டபம். தன்னூரைக் கண் திறந்து கண்டவனே அயலூரையும் காண வல்லான்.

மாணவர்களே! ஒரு நகரின் பெருமை, செல்வர்க்கு மட்டும் திறக்கும் கதவுகளில் இல்லை. எளியோனும் தலை நிமிர்ந்து நுழையும் இடங்களிலேயே உள்ளது. காலாப்பட்டின் கடல் காண வருவோரிடம் காசு கேட்பதில்லை. வேண்டாத செலவை விலக்கி வேண்டியதைக் காண்பதே சிக்கனம். காண வேண்டியதையே விட்டுவிடுதல் சிக்கனம் ஆகாது.