அடுத்த எண் யாது?

1, 2, 4, 8, 16 என்னும் எண்களை அடுத்து வரும் எண் யாது? 32 என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய எண்ணின் இருமடங்காக இருத்தலே அதற்குக் காரணம். ஆயின், 31 என எழுதிய மாணவரின் விடையைப் பிழை எனத் தள்ளிவிட இயலுமா?

வட்டம் தரும் விடை

வட்டத்தின் பரிதியில் புள்ளிகள் சிலவற்றைக் குறித்து, ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு நாண்களால் இணைக்க வேண்டும். வட்டத்தினுள் மூன்று நாண்கள் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளுதல் கூடாது. ஒரு புள்ளி மட்டும் இருப்பின் வட்டம் பிரிவதில்லை. அஃது ஒரே பகுதியாகும். புள்ளிகள் இரண்டாயின் 2 பகுதிகளும், மூன்றாயின் 4 பகுதிகளும், நான்காயின் 8 பகுதிகளும், ஐந்தாயின் 16 பகுதிகளும் கிடைக்கும். ஆறாவது புள்ளியை இட்டு எண்ணினாலோ பகுதிகள் 31 மட்டுமே. ஏழு புள்ளிகளுக்கு அவை 57 ஆகும். இருமடங்காதல் இவ்வரிசையின் விதியன்று. முதல் ஐந்து உறுப்புகள் அவ்வாறு தோன்றச் செய்தன.

விரும்பிய எண்ணும் விடையாகும்

1, 3, 5, 7 என்னும் வரிசையில் உறுப்பின் இட எண்ணை இரட்டித்து 1ஐக் கழித்தால் அவ்வுறுப்பு கிடைக்கும். அதன்படி ஐந்தாம் உறுப்பு 9 ஆகும். இனி, இட எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, கிடைக்கும் நான்கு எண்களின் பெருக்கற்பலனையும் அதனோடு கூட்டுவதாக விதியை மாற்றலாம். முதல் நான்கு இடங்களிலும் அப்பெருக்கற்பலன் சுழியமாதலால் உறுப்புகள் மாறுவதில்லை. ஐந்தாம் இடத்தில் அது 24 ஆதலால் விடை 33 ஆகிறது. அப்பெருக்கற்பலனைத் தக்க எண்ணொன்றால் பெருக்கிக் கூட்டினால், விரும்பிய எந்த எண்ணையும் ஐந்தாம் உறுப்பாக வரச்செய்யலாம்.

விதியும் விடையும்

எனின், எவ்வெண்ணை எழுதினாலும் சரியாகுமா? ஆகாது. விதியைக் கூறாது எழுதிய எண் ஊகமேயாகும். தேர்வுகளில் எளிய விதியையே விடையாகக் கொள்வது வழக்கம். அவ்வழக்கம் வினாத்தாளுக்கு உதவலாம், ஆயினும் அது நிறுவல் ஆகாது. சில உறுப்புகளில் கண்ட ஒழுங்கு எல்லா உறுப்புகளிலும் தொடரும் எனக் கூற, அதற்கான காரணத்தை நிறுவுதல் வேண்டும். வட்டம் வரைந்து 31 எனக் காட்டிய மாணவர், தம் விடைக்குரிய விதியையும் உடன் காட்டியவராவார். ஆதலால், ‘அடுத்த எண் யாது?’ என வினவுவோர், ‘எவ்விதியின்படி?’ என்றும் வினவுதல் முறையாகும்.

கற்பவை கற்றபின்

1, 2, 4 என்னும் எண்களை அடுத்து 7 வருவதற்கு ஏற்ற விதிகள் இரண்டினைக் கண்டறிந்து எழுதுக.